ஸ்டாஃப் ரூம் தகர டப்பா



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். செஞ்சிக் கோட்டை, பழைய தென்னாற்காடு என்று நான் வழக்கமாக எழுதுவதைப் போல இதுவும் வரலாறுதான். ஆனால் ராஜாக்கள் இல்லாத வரலாறு. கடைசியில் உங்களிடம் ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கிறது. அதனால் பாதியில் விட்டுவிடாமல் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை 1991 பேட்ச் மாணவன் ஒருவன் விழுப்புரத்தில் என் வீட்டுக்கு வந்திருந்தான். திண்டிவனத்தில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறான். பேச்சுவாக்கில், "சார், ஸ்டாஃப் ரூம்ல உங்க மேஜை டிராயர்ல ஒரு தகர டப்பா இருக்குமே, ஞாபகம் இருக்கா? ஜுரம்னு வந்தா ரெண்டு காப்ஸ்யூல் எடுத்துக் குடுப்பீங்க. மறுநாளே சரியாயிடும். நான் மெடிக்கல் ஷாப் வச்சதுக்கே அந்த டப்பாதான் சார் காரணம்" என்று சொல்லிச் சிரித்தான். என் மனைவியும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டப்பா எனக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. பிஸ்கெட் டப்பா. அதில் சிவப்பும் கறுப்புமாக ஆம்பிசிலின், கொஞ்சம் டெட்ராசைக்ளின், வீட்டில் யாருக்காவது வாங்கி மீந்துபோன மாத்திரைகள். விடுதிப் பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆள் இருக்காது. உயிரியல் வாத்தியார் என்பதால் என்னிடம் அனுப்புவார்கள். நானும் ஏதோ டாக்டர் மாதிரி நெற்றியைத் தொட்டுப் பார்த்து இரண்டு எடுத்துக் கொடுப்பேன். அதில் பாதிக்கு மேல் வைரஸ் ஜுரமாகத்தான் இருந்திருக்கும். வைரஸுக்கு ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. தானாகச் சரியான ஜுரத்துக்கு என் டப்பா பேர் வாங்கிக்கொண்டது.

ஏன் சிரிப்பு வரவில்லை என்றால், என் பெரிய அக்கா. உறவினர்கள் எல்லோருக்கும் தெரியும். 2017-ல் திண்டிவனத்தில் வீட்டுத் தோட்டத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஒரு மருத்துவமனையில் ஆபரேஷன் செய்தார்கள். நல்லபடியாக முடிந்தது. ஆறாம் நாள் எழுந்து உட்கார்ந்து, "சாம்பார்ல உப்பே இல்லடா" என்று குறை சொன்னார். ஒன்பதாம் நாள் குளிர் ஜுரம். சிறுநீர் போக வைத்திருந்த குழாய் வழியாகக் கிருமி ஏறியிருக்கிறது. ஐ.சி.யு.வுக்கு மாற்றினார்கள். கல்ச்சர் ரிப்போர்ட் வந்தது.

அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். கிருமியின் பெயர் கிளெப்சியெல்லா நிமோனியே. கீழே வரிசையாக மருந்துகளின் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆர், ஆர், ஆர், ஆர். அதாவது ரெசிஸ்டன்ட், இந்த மருந்துக்குக் கிருமி சாகாது. ஒரே ஒரு மருந்துக்கு எதிரே மட்டும் எஸ். அது கோலிஸ்டின். சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று பல ஆண்டுகளுக்கு முன் ஒதுக்கிவைத்த பழைய மருந்து. வேறு வழியில்லாமல் திரும்ப எடுத்திருக்கிறார்கள். இருபத்து மூன்றாம் நாள் அக்கா போய்விட்டார். அந்த மருத்துவமனையின் பெயர் இங்கே வேண்டாம். அங்கே நடந்தது நாட்டில் பல இடங்களில் நடப்பதுதான்.

முப்பத்திரண்டு வருஷம் பாக்டீரியா பாடம் நடத்தியவன் நான். அந்தத் தாளைப் படித்தபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு கிருமிக்கு இத்தனை மருந்தையும் எதிர்க்கும் திறமை ஒரே சமயத்தில் எப்படி வந்தது? தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, விடை நான் வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்ட பாடத்திலேயே இருந்திருக்கிறது.

கிரிஃபித்தின் எலிகள் ஞாபகம் இருக்கிறதா? பன்னிரண்டாம் வகுப்பு, ஐந்து மதிப்பெண் கேள்வி. 1928, லண்டன். நிமோனியா உண்டாக்கும் பாக்டீரியாவில் இரண்டு வகை. வழவழப்பான வகையை ஊசி போட்டால் எலி சாகும். சொரசொரப்பான வகை சாதுவானது. கிரிஃபித், கொல்லும் வகையைச் சூடாக்கிச் சாகடித்து, அந்தப் பிணத்தையும் உயிருள்ள சாதுவையும் கலந்து ஊசி போட்டார். எலி செத்தது. செத்த கிருமியிலிருந்து ஏதோ ஒன்று உயிருள்ள கிருமிக்குப் போய் அதன் குணத்தையே மாற்றிவிட்டது. அந்த "ஏதோ ஒன்று" டி.என்.ஏ. என்று 1944-ல் ஏவரியும் கூட்டாளிகளும் நிரூபித்தார்கள். அதே 1928-ல், அதே லண்டனில்தான் ஃபிளெமிங் பெனிசிலினைக் கண்டார். ஒன்றை மரபியல் பாடத்திலும் மற்றொன்றை மருந்துகள் பாடத்திலும் நடத்தினேன். இரண்டும் ஒரே கதையின் இரண்டு பாதிகள் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

பெனிசிலினை மருந்தாக மாற்றியவர்கள் ஆக்ஸ்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள். 1940 டிசம்பரில் அவர்களில் ஏபிரகாம், செயின் இருவரும் ஒரு சிறு குறிப்பை வெளியிட்டார்கள். ஒருவகை பாக்டீரியா பெனிசிலினை உடைத்துப்போடும் ஒரு நொதியைச் சுரக்கிறது என்பது செய்தி. மாதத்தைக் கவனியுங்கள். நோய் முற்றிய ஒரு போலீஸ்காரருக்கு அவர்கள் பெனிசிலின் கொடுத்துப் பார்த்தது 1941 பிப்ரவரியில்தான். மருந்து நோயாளியிடம் வந்து சேருவதற்கு முன்பே அதை முறிக்கும் நொதி கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. இதில் ஆச்சரியமும் இல்லை. பெனிசிலின் பூஞ்சை தயாரிப்பது. பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் மண்ணில் கோடிக்கணக்கான வருஷச் சண்டை. நாம் நடுவில் நேற்று வந்தவர்கள்.

1945 டிசம்பரில் நோபல் பரிசு உரையில் ஃபிளெமிங் ஒரு எச்சரிக்கை கொடுத்தார். கடையில் யார் வேண்டுமானாலும் பெனிசிலின் வாங்கும் காலம் வரலாம். தெரியாதவர் ஒருவர் தொண்டை வலிக்குக் கொஞ்சமாகச் சாப்பிட்டு, சாகாத கிருமியைத் தன் மனைவிக்கு ஒட்டவைப்பார். அவளுக்குப் பெனிசிலின் வேலை செய்யாமல் போகும் என்று ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்துச் சொன்னார். அதைப் படித்தபோது என் தகர டப்பாதான் கண்முன் வந்தது.

எச்சரிக்கை பலிக்க நாளாகவில்லை. லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் மேரி பார்பர் என்ற டாக்டரம்மா சீழ்க் கிருமியான ஸ்டெஃபிலோகாக்கஸை எண்ணிப் பார்த்துக்கொண்டே வந்தார். 1946-ல் சுமார் 14 சதவீதம் பெனிசிலினுக்கு அடங்காதவை. 1948-ல் பாதிக்கு மேல். இரண்டே வருஷம்!

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். "உடம்பு மருந்துக்குப் பழகிப்போச்சு" என்று நாம் சொல்கிறோம். பழகுவது உடம்பு இல்லை. ஏன், கிருமியும் பழகுவதில்லை. 1952-ல் ஜோஷுவா லெடர்பெர்க், எஸ்தர் லெடர்பெர்க் தம்பதி ஒரு எளிய சோதனை செய்தார்கள். ஒரு தட்டில் வளர்ந்த பாக்டீரியாக்களை வெல்வெட் துணியில் ஒற்றி, ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி, மருந்து கலந்த தட்டுகளில் பதித்தார்கள். எல்லாத் தட்டிலும் ஒரே இடத்தில் இருந்தவை மட்டும் பிழைத்தன. அப்படியென்றால் மருந்தைப் பார்ப்பதற்கு முன்பே அவை எதிர்ப்புள்ளவையாகத்தான் இருந்தன. மருந்து எதிர்ப்பை உண்டாக்கவில்லை, இருந்ததைத் தேர்ந்தெடுத்தது. களைக்கொல்லி அடித்த வயல் மாதிரி. சாகாத நாலு செடிதான் அடுத்த போகத்துக்கு விதை போடும்.

கோடிக்கணக்கான கிருமிகளில் ஒன்றிரண்டு, டி.என்.ஏ. நகலெடுக்கும்போது நேரும் எழுத்துப் பிழையால் தப்பிக்கின்றன. காசநோயில் நடப்பது இதுதான். ஸ்ட்ரெப்டோமைசின் மட்டும் கொடுத்த நோயாளிகள் முதலில் தேறி, பிறகு மறுபடி படுத்தார்கள். அதனால்தான் இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஒன்றுக்குத் தப்பும் பிழை ஒரு பேச்சுக்குப் பத்து லட்சத்தில் ஒன்று என்றால், இரண்டுக்கும் ஒரே சமயத்தில் தப்பும் கிருமி லட்சம் கோடியில் ஒன்று. இந்தக் கூட்டு மருந்தை வீட்டிலிருந்தபடியே சாப்பிட்டாலும் சானடோரியத்தில் கிடைக்கும் அதே பலன் கிடைக்கும் என்று உலகத்துக்குக் காட்டியது நம் சென்னைதான். 1956-ல் தொடங்கிய காசநோய் மருத்துவ ஆய்வு மையம் 1959-ல் முடிவை வெளியிட்டது.

இது ஒரு வழி. அக்காவின் தாளில் இருந்தது வேறு வழி. அது ஜப்பானில் தெரியவந்தது.

1950-களில் ஜப்பானில் சீதபேதி அதிகம். நான்கு மருந்துகளை ஒரே சமயத்தில் எதிர்க்கும் ஷிகெல்லா கிருமிகள் நோயாளிகளிடம் கிடைத்தன. எழுத்துப் பிழை என்று வைத்தால் கணக்கு ஒத்துவரவில்லை. நான்கு பிழை ஒரே கிருமியில் இத்தனை பேருக்கு வராது. 1959-ல் ஓச்சியாய், அகிபா ஆகியோரின் ஆய்வுக் குழுக்கள் விடையைக் கண்டன. எதிர்ப்புள்ள கிருமியையும் இல்லாததையும் சேர்த்து வைத்தால், நான்கு எதிர்ப்பும் மொத்தமாக இதிலிருந்து அதற்குப் போகின்றன. அதுவும் இ.கோலை, ஷிகெல்லா என்ற இரண்டு வேறு வேறு கிருமிகளுக்கு நடுவில். அப்பன் சொத்து மகனுக்கு என்பதுதான் நமக்குத் தெரிந்த மரபு. இங்கே பக்கத்து வீட்டுக்காரனுக்கே பத்திரம் எழுதிக் கொடுக்கிறான்.

அந்தப் பத்திரத்தின் பெயர் பிளாஸ்மிட். பாக்டீரியாவின் முக்கிய டி.என்.ஏ. தவிர தனியாக மிதக்கும் சின்ன டி.என்.ஏ. வளையம். இரண்டு பாக்டீரியாக்கள் குழாய் நீட்டி ஒட்டிக்கொண்டு நகலைக் கொடுத்துவிடும். இதற்குப் பெயர் இணைவு. அதுவும் நம் பாடத்தில் இருந்ததுதான். படம் வரைந்து பாகம் குறிக்கச் சொல்வேன். ஒரு பிளாஸ்மிட்டில் பல மருந்துகளுக்கான ஜீன்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அதனால் ஒரு மருந்தைத் தவறாகக் கொடுத்தால் கூடவே மற்ற மருந்துகளுக்கான எதிர்ப்பும் சேர்ந்து பெருகும்.

இது எங்கேயோ ஜப்பானில் என்று நினைக்காதீர்கள். 1972-ல் கோழிக்கோட்டில் டைபாய்டுக்கு அப்போதைய முதல் மருந்தான குளோராம்ஃபெனிகால் பலிக்காமல் போனது. அங்கே மருத்துவக் கல்லூரியில் பணிக்கரும் விமலாவும், இந்த எதிர்ப்பு ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்கு மாறக்கூடியது என்று கண்டு நேச்சர் இதழில் எழுதினார்கள். கோழிக்கோடு நமக்கு ஒரு ராத்திரி ரயில் பயண தூரம்தான்.

இனி அக்காவின் தாளுக்கு வருகிறேன். பெனிசிலினை உடைக்கும் நொதி வந்ததும் விஞ்ஞானிகள் புதிய மருந்து செய்தார்கள். அதற்கும் நொதி வந்தது. மறுபடி புதிய மருந்து. இப்படிப் போய்க் கடைசியில் கார்பபெனெம் என்ற குடும்பம் 1980-களில் வந்தது. ஐ.சி.யு.வின் கடைசிப் பூட்டு அதுதான் என்று நம்பினார்கள்.

2008-ல் ஸ்வீடன் நாட்டு நோயாளி ஒருவர், இந்திய வம்சாவளி, டெல்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பியிருந்தார். அவருடைய சிறுநீரில் கார்பபெனெமையும் உடைக்கும் கிளெப்சியெல்லா இருந்தது. நொதி புதியது, நடுவில் துத்தநாக அணுக்களை வைத்துக்கொண்டு மருந்தை வெட்டுகிறது. அதே ஜீன் அவர் குடலில் இருந்த இ.கோலையிலும் இருந்தது. ஒரு மனிதர் வயிற்றுக்குள்ளேயே பத்திரம் கைமாறியிருக்க வேண்டும். நியூடெல்லி மெட்டலோ பீட்டா லாக்டமேஸ், சுருக்கமாக என்.டி.எம்-1 என்று பெயர் வைத்தார்கள்.

2010 ஆகஸ்டில் லான்செட் குழும இதழில் பெரிய கட்டுரை வந்தது. முதல் பெயர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா பாகிஸ்தானின் மற்ற இடங்களில் 73 என்று இந்த ஜீன் உள்ள கிருமிகளை அடையாளம் காட்டினார்கள். பெரிய ரகளை. மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதி என்றார்கள். ஊர்ப் பெயரை வைத்தது தவறு என்று 2011 ஜனவரியில் லான்செட் ஆசிரியர் வருத்தம் தெரிவித்தார். பெயர் விஷயத்தில் நம் கோபம் நியாயம்தான். ஆனால் பெயரைப் பற்றிச் சண்டை போட்ட நேரத்தில் கிருமி நிற்கவில்லை. அதே 2011-ல் டெல்லியில் எடுத்த 50 குழாய்த் தண்ணீர் மாதிரிகளில் 2-லும், தெருவில் தேங்கிய 171 நீர் மாதிரிகளில் 51-லும் அந்த ஜீன் இருந்தது என்று இன்னொரு ஆய்வு வந்தது.

மருத்துவமனையில் இது எப்படிப் பரவுகிறது என்று என் பேத்தி கேட்டாள். நம் விழுப்புரம் ஜங்ஷனைப் பார் என்றேன். சென்னை, திருச்சி, மாயவரம், காட்பாடி, பாண்டிச்சேரி என ஐந்து பக்கத்து வண்டியும் வந்து சேரும் இடம். ஐ.சி.யு. ஒரு ஜங்ஷன். பல ஊர் நோயாளிகள், பல ஊர்க் கிருமிகள். எல்லோருக்கும் பலமான ஆன்டிபயாடிக் ஓடுவதால், சாதாரணக் கிருமிகள் செத்து, எதிர்ப்புள்ளவைக்கு இடம் காலியாகிறது. பிளாஸ்மிட் என்பது பயணியின் பெட்டி; வண்டி மாறி வண்டி ஏறும். பெட்டிக்குள் பெட்டி மாதிரி, ஜீன்களே இடம் விட்டு இடம் தாவும் துண்டுகளும் உண்டு. ஒரு நோயாளியிலிருந்து அடுத்தவருக்குக் கொண்டுபோகும் போர்ட்டர் யார்? பெரும்பாலும் கழுவாத கை. பிறகு சிறுநீர்க் குழாய், வென்டிலேட்டர் குழாய், கை கழுவும் தொட்டியே கூட. நோயாளி டிஸ்சார்ஜ் ஆனாலும் குடலில் அந்தக் கிருமி மாதக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும். அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கூடவே போகும்.

நல்லதும் நடந்திருக்கிறது. 2012 ஆகஸ்டில் நாட்டின் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி ஒரு வழிமுறையை வகுத்தன. சென்னைப் பிரகடனம் என்று பெயர். டாக்டர் அப்துல் கஃபூர் அதை முன்னின்று நடத்தினார். உடனே எல்லாவற்றையும் தடை செய் என்று கேட்காமல், நடக்கக்கூடியதைக் கேட்டார்கள். 2014 மார்ச் முதல் எச்-1 அட்டவணை அமலுக்கு வந்தது. உயர்ரக ஆன்டிபயாடிக்குகளுக்குச் சீட்டும், கடையில் பதிவேடும் கட்டாயம். 2019-ல் கோழி, கால்நடைத் தீவனத்தில் கோலிஸ்டின் கலப்பது தடை செய்யப்பட்டது. அக்காவுக்கு எஸ் என்று வந்த அந்த ஒரே மருந்தை அதுவரை கோழி கொழுப்பதற்குப் போட்டுக்கொண்டிருந்தோம்! உலகம் முழுவதும் 2019-ல் மட்டும் இத்தகைய எதிர்ப்பால் நேரடியாக இறந்தவர்கள் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் என்பது ஆய்வாளர்கள் கணக்கு.

இப்போது டப்பாவுக்கு வருகிறேன். என் டப்பாதான் அக்காவைக் கொன்றது என்று சொன்னால் அது மிகை, அறிவியலும் இல்லை. நான் கொடுத்த ஆம்பிசிலினுக்கும் 2017-ல் வந்த கிருமிக்கும் நேர்க்கோடு போட முடியாது. ஆனால் ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு ஒரு டப்பா இருந்தது. நல்லெண்ணத்தோடுதான் இருந்தது. எல்லா டப்பாவும் சேர்ந்துதான் அந்த ஆர், ஆர், ஆர். நான் ஒரு டப்பாக்காரன். தெரியாமல் செய்தேன் என்றும் முழுசாகச் சொல்ல முடியாது. தெரிந்துகொள்ள வேண்டியதைக் கையில் வைத்துக்கொண்டு, மதிப்பெண்ணுக்காக மட்டும் நடத்தினேன். அதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

மெடிக்கல் ஷாப் மாணவனிடம் இதையெல்லாம் அன்றே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "சார், நான் குடுக்கலன்னா எதிர்க்கடையில வாங்குவாங்க" என்றான். உண்மைதான். கூலி வேலைக்குப் போகிறவர் ஒரு நாள் சம்பளத்தை விட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க முடியாமல்தான் கடைக்கு வருகிறார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. "முடிஞ்ச வரைக்கும் பாருப்பா" என்றேன். "பதிவேடு ஒழுங்கா எழுதறேன் சார். ரெண்டு மாத்திரை மட்டும் கேட்டா இனிமே குடுக்க மாட்டேன்" என்றான். அது போதும் எனக்கு.

உங்களிடமும் சில வேண்டுகோள்கள்.

அட்டையின் பின்னால் சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். டாக்டர் எத்தனை நாள் சொன்னாரோ அத்தனை நாள். நீங்களாகக் குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். மீந்ததை அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள். சளி ஜுரத்துக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று சொல்லும் டாக்டரை, ஊசி போடாத டாக்டர் என்று கேலி பேசாதீர்கள்.

நர்ஸாக இருக்கும் என் மாணவிகளுக்கு: ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்குப் போகும் முன் கை கழுவுங்கள். "இந்தக் குழாய் இன்னும் தேவையா?" என்று தினமும் ஒரு தரம் கேளுங்கள். எந்தப் பெரிய டாக்டராக இருந்தாலும் கேளுங்கள். ஆஸ்பத்திரிக்கு உறவுக்காரரைப் பார்க்கப் போகும் நாமும் கை கழுவிவிட்டு உள்ளே போவோம், கழுவிவிட்டு வெளியே வருவோம்.

உயிரியல் ஆசிரியர்களாக இருக்கும் பிள்ளைகளுக்குக் கடைசியாக ஒன்று. கிரிஃபித் எலியை நடத்தும்போது, படம் வரைந்து முடித்ததும் ஐந்து நிமிஷம் ஒதுக்கி, இது இன்றைக்கு நம் ஊர் ஆஸ்பத்திரியில் நடக்கிறது என்று சொல்லுங்கள். பரீட்சையில் வராது. பரவாயில்லை, சொல்லுங்கள்.

அந்தத் தகர டப்பா இப்போதும் வீட்டில் இருக்கிறது. என் மனைவி அதில் ஊசி நூல் வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
உங்கள் உயிரியல் வாத்தியார்,
விழுப்புரம்.